கலாசாலையில் கண்கண்ட சாட்சி

நமது கலாசாலைகள் வெளியிடும் பாடத்திட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் மலைத்துப் போவார்கள். முதற் பாகம் தமிழ். இரண்டாம் பாகம் ஆங்கிலம். மூன்றாம் பாகத்தில் பிரதான பாடமும் அதன் துணைப் பாடங்களும். நான்காம் பாகத்தில் வேறொரு துறையிலிருந்து விரும்பி எடுக்கும் பாடமும் சுற்றுச்சூழல் கல்வியும். ஐந்தாம் பாகத்தில் சமூக சேவை. ரசாயனம் படிப்பவன் பொருளாதாரத்தை ருசி பார்க்கலாம். சரித்திரம் படிப்பவள் கம்ப்யூட்டர் கற்கலாம். போதாக்குறைக்குக் கடைசிப் பருவத்தில் 'பிராஜெக்ட்' என்ற ஆராய்ச்சிக் கட்டுரை வேறு. காகித அளவில் ஏற்பாட்டில் யாதொரு குறையும் இல்லை.

ஆனால் பரீக்ஷைக் காலம் நெருங்கும்போது நகரத்துக் கடைவீதிப் பக்கம் போய் வந்தால் உண்மை விளங்கும். 'இங்கே பிராஜெக்ட் செய்து தரப்படும்' என்ற பலகைகள் அங்கே பகிரங்கமாகவே தொங்குகின்றன. சென்ற வருஷத்து மாணாக்கனின் கட்டுரைக்குப் புது அட்டை போட்டு, பொன்னெழுத்தில் புதுப் பெயர் பொறித்து, பைண்டு செய்த பிரதிகளைக் கையில் கொடுத்து விடுகிறார்கள். அண்மையில் அந்தக் கடைக்காரருக்கும் போட்டி வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் நாற்பது பக்கம் எழுதித் தரும் யந்திரம் மாணாக்கனின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல நாம் தயாராயில்லை. காலை முதல் மாலை வரை வகுப்பிலே உட்கார வைத்துவிட்டு, ஆராய்ச்சி செய் என்றால் அவன் எப்பொழுது செய்வான்?

கோர்ட்டில் பழகிய நமக்கு ஒரு நியாயம் நன்றாகத் தெரியும். பிறர் சொல்லக் கேட்டேன் என்பவனுடைய பேச்சு சாட்சியமாகாது. கண்ணால் கண்டவனே கூண்டில் ஏறவேண்டும். இன்று கலாசாலைகளில் குவியும் கட்டுரைகளில் பெரும்பாலானவை கேள்விச் சாட்சியங்களே. எழுதியவன் எதையும் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை.

இந்த நாட்டு மாணாக்கர்கள் கண்கண்ட சாட்சிகளாக நின்ற காலம் உண்டு. சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சி. வி. ராமன், நிறமாலைமானியில் முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளக்கும்போது, வழக்கத்துக்கு மாறான சில ஒளிப்பட்டைகளைக் கவனித்தார். வகுப்பில் சொல்லித் தந்ததை அளந்து முடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பட்டைகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1906-ல் லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலஸாபிகல் மாகஸின்' பத்திரிகையில் பிரசுரமாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 18. எம்.ஏ. படித்த இரண்டு வருஷங்களில் தாம் ஒரே ஒரு பிரசங்கத்துக்குத்தான் போனதாக அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். இன்றைய வருகைப் பதிவேட்டின்படி அவரைப் பரீக்ஷை எழுதவே விட்டிருக்க மாட்டார்கள்!

அதே காலேஜில் 1928-ல் இன்னொரு மாணாக்கர். ஜெர்மன் பௌதிக அறிஞர் ஸோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது எஸ். சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ப் பார்த்தார். நீ படித்த பௌதிகமெல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லிய அந்தப் பெரியவர், அச்சேறாத தமது கட்டுரையின் புரூப் தாள்களையும் கொடுத்தார். சில மாதங்களுக்குள் சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டியின் நடவடிக்கைப் புத்தகத்தில் வெளிவந்தது. அவர் அப்பொழுது பட்டம் கூடப் பெறவில்லை.

ராமனும் சந்திரசேகரும் நூற்றாண்டுக்கு ஒருவர். எல்லோருக்கும் அது பொருந்துமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகையால் சாதாரண மாணாக்கர்கள் செய்ததொன்றைச் சொல்லுகிறோம். நமது அபிப்பிராயத்தில் அதுவே இன்னும் பயனுள்ள உதாரணம்.

சென்னைச் சர்வகலாசாலையில் 1915-ல் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். இந்தியப் பொருளாதாரத்தை எந்தப் புத்தகத்திலிருந்து கற்பிப்பது? ஸ்லேட்டர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். விடுமுறையில் மாணாக்கர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கள் சொந்தக் கிராமங்களுக்குச் சென்றார்கள். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன பயிர், என்ன தொழில் என்று வீடு வீடாக விசாரித்து எழுதி வந்தார்கள். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டுத் தூசி, ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி முதலிய ஊர்களின் விவரங்கள் 1918-ல் புத்தகமாயின. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராயச் செய்து 1940-ல் வெளியிட்டார்கள். 1980-களில் மீண்டும் ஆராய்ந்தார்கள். இருவேல்பட்டை 2008-லும் ஆராய்ந்தார்கள். வயற்கூலியை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் வெளி வேலைக்குப் போகத் தொடங்கியதும், பெரிய நிலச்சுவான்தாரர்களின் பிடி தளர்ந்ததும் இவ்வாறு தொண்ணூறு ஆண்டுக் கணக்காக நமக்குக் கிடைத்திருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் போட்ட அஸ்திவாரம் இது.

ஆனால் இதிலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. குடியானவர்கள் தங்கள் தாய்மொழியில் சொன்ன பதில்கள் ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தன. தன் கடனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பதில் சொன்னவனே படித்துப் பார்க்க வழியில்லை.

இன்று நிலைமை என்ன? யூனிவர்ஸிடி மானியக் கமிஷன் 2022-ல் வெளியிட்ட திட்டம் நான்காம் வருஷத்தில் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் பட்டத்துக்கு வகை செய்கிறது. முதல் ஆறு பருவங்களில் 75 சதவிகிதம் மதிப்பெண் பெற்றவர்களே அதற்கு உரியவர்கள். இத்திட்டத்துக்கு மூலமான தேசியக் கல்விக் கொள்கையை நமது ராஜ்ய சர்க்கார் எதிர்த்தது. அந்த வழக்கு இங்கே நமது விஷயமன்று. நாம் ஆட்சேபிப்பது அந்த 75-ஐத்தான். தன் ஊர்க் கிணறுகள் எந்த வருஷத்தில் வற்றின என்று விசாரித்து எழுத எத்தனை மதிப்பெண் வேண்டும்? பரீக்ஷையில் ஐம்பது வாங்குகிற குடியானவன் மகனுக்கு அது நன்றாகத் தெரியும். நகரத்தில் வளர்ந்து தொண்ணூறு வாங்கியவனுக்கு அது தெரியாமலிருக்கலாம்.

நாம் சொல்வது கஷ்டமான காரியமன்று. ஒவ்வொரு கலாசாலையும் தன் பக்கத்திலுள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன, பஞ்சம் இல்லை. ரசாயன மாணாக்கர் தண்ணீரைச் சோதிக்கட்டும். தாவர சாஸ்திரம் படிப்பவர்கள் கரையைச் சூழ்ந்த சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் கணக்கெடுக்கட்டும். கணித மாணாக்கர் வண்டல் தூர்ந்தபின் எத்தனை கன அடி நீர் தங்கும் என்று கணக்கிடட்டும். உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்தைப் பற்றிப் படித்த சரித்திர மாணாக்கர், இந்த ஏரியை யார் பராமரித்தார்கள், எப்பொழுது விட்டார்கள் என்று தேடட்டும். ஆயக்கட்டில் எத்தனை பேர் ஏரியை விட்டு ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போனார்கள் என்பது பொருளாதாரக்காரர்களின் வேலை. மதகு, மடை, கலிங்கல் என்ற சொற்களையும், நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஊர் மாறும் பெயர்களையும், அவற்றைச் சொல்லும் கிழவர்கள் உயிரோடிருக்கும்போதே தமிழ் மாணாக்கர் எழுதிக்கொள்ளட்டும். பல துறைப் படிப்பு என்று பாடத்திட்டப் புத்தகம் சொல்வது அப்பொழுது தானே நடக்கும். இதைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது. யந்திரமும் ஏரிக்கரைக்கு நடந்து போகாது.

இதற்கு வேண்டியது பெரிய பணமல்ல. கடைசிப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பில்லாமல் விடவேண்டும். கூடப் போகும் உபாத்தியாயருக்கு அந்த நேரத்தை வேலையாகக் கணக்கிட வேண்டும். கட்டுரை தமிழில் இருக்கவேண்டும். ஒரு பிரதி காலேஜ் புஸ்தகசாலைக்கும், இன்னொன்று அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் போகவேண்டும். ஏரிப் பாசனக்காரர் அதைப் படித்து, 'தம்பி, இந்தக் கணக்கு தப்பு' என்று சொன்னால் திருத்தவும் வேண்டும். சுயாட்சி பெற்ற கலாசாலைகள் 1978 முதல் நம்மிடையே இருக்கின்றன. தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. அடுத்த ஜூன் மாதம் ஏதேனும் ஒரு காலேஜ் இவ்வாறு தொடங்குமானால், அந்த மாணாக்கர்கள் எழுதும் ஏரி விவரங்களைப் பிரசுரிக்க இப்பத்திரிகையில் இடம் ஒதுக்க நாம் தயாராயிருக்கிறோம்.