ஆறக் கூடாத புண்

நம் கண்ணுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் நீர் ஊறி, ஊறிய அளவே வடிகிறது. வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். இப்படி வரும் கிளாக்கோமா நோயில் போன பார்வை திரும்பாது.

சொட்டு மருந்துக்கும் லேசருக்கும் அழுத்தம் அடங்காவிட்டால் ட்ரபெகுலெக்டமி என்ற அறுவை சிகிச்சை செய்வார்கள். 1968இல் கேர்ன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த முறை இது. வெள்ளை விழியில் மெல்லிய மடிப்பு ஒன்றைக் கீறி, அதனடியில் துளையிட்டு, நீரை மேற்படலத்துக்குக் கீழே கசியவிடுகிறார்கள். மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே சிறு கொப்புளம் உப்பியிருக்கும். அந்தக் கொப்புளம் இருக்கும்வரைதான் சிகிச்சைக்கு ஆயுள்.

ஆனால் உடம்புக்கு அது வெறும் காயம். நார்த்திசுச் செல்கள் விரைந்து வந்து பெருகி, கொலாஜனைச் சுரந்து வழியைத் தழும்பால் மூடிவிடும். வேறெங்கும் நாம் வேண்டி நிற்கும் குணம், இங்கே பார்வைக்குப் பகை.

பெருகும் செல்லைத் தடுக்க வேண்டுமென்றால் புற்றுநோய் மருந்தை நாடுவது இயல்புதானே? முதலில் பரவலானது 5-ஃப்ளூரோயுராசில். தழும்பு அபாயம் மிகுந்த கண்களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய 2 வாரங்களில் கண்ணின் மேற்படலத்தடியில் 21 ஊசிகள் போட்டார்கள்! 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஊசி போடாதவர்களில் 74 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. போட்டவர்களில் அது 51 சதவீதம்.

அத்தனை ஊசிகளின் வேதனையைக் குறைத்தது மைட்டோமைசின்-சி. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாவிலிருந்து 1950களில் ஜப்பானியர் பிரித்தெடுத்த மருந்து; கிளாக்கோமா அறுவையில் பயன்படுத்தி 1983இல் எழுதியவர் தைவானைச் சேர்ந்த சென். இளஊதா நிறக் கரைசலில் நனைத்த பஞ்சுத் துண்டுகளை மேற்படலத்தின் அடியில் செருகி, 2, 3 நிமிடம் வைத்து எடுத்து, அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் மருந்துதான். அந்த நிமிடங்களுக்குள் அது செல்லின் டிஎன்ஏ இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அந்தச் செல் பிறகு பிரிந்து பெருக முடிவதில்லை. சில நிமிடத் தொடுகையின் விளைவு ஆண்டுக்கணக்கில் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அளவு மிஞ்சினால் கொப்புளத்தின் தோல் மெலிந்து நீர் ஒழுகும், அழுத்தம் அளவுக்கு மேல் சரியும், கிருமி உள்ளே புகும். அதனால்தான் மருந்தை ஒரே புள்ளியில் குவிக்காமல் அகலமாகப் பரப்பும் முறை வந்தது. தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா புரதத்தை மட்டும் குறிவைத்த எதிர்ப்புரத மருந்தையும் சோதித்தார்கள். பெரிய ஆய்வில் அது பலன் தரவில்லை. ஆகவே பஞ்சுத் துண்டு இன்னும் அறுவை மேசையில் இருக்கிறது. இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், கண் சிவந்து வலித்தாலோ பீளை தள்ளினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.