மூடுபனி ஊரில் உறைபனி ஹொக்கி

எங்கள் எல்ல ஊரின் மலைகளில் மூடுபனி உண்டு, உறைபனித் தளம் கிடையாது. இலங்கையில் ஹொக்கி என்றதும் மாத்தளைப் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஓடும் காட்சியே மனத்தில் எழும். ஆயினும், அடைமழை பெய்த ஒரு மாலையில், அருகிலுள்ள தெமோதரைப் பக்கம் என் மருமகன் பனித்தள ஹொக்கி வீடியோ கேமில் லயித்திருந்ததைக் கண்டு நானும் அருகில் அமர்ந்தேன்.

அவ்வகை ஆட்டங்களுள் 1993இல் வெளிவந்த ‘என்.எச்.எல். 94’, வந்த பந்தை நிறுத்தாமலே கோலை நோக்கி அடிக்கும் வித்தையை இவ்விளையாட்டுக்கு அளித்தது; 2006இல் ‘என்.எச்.எல். 07’ வந்தபோதோ, வலக் கட்டைவிரலின் கீழுள்ள சிறு குமிழைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளினால், திரையிலுள்ள வீரனும் மட்டையை அவ்வாறே ஓங்கி அடித்தான். ‘பந்து’ என்கிறேன், உண்மையில் அது தட்டையான ரப்பர் வட்டு. குமிழ் வழியே கைக்கு எட்டும் அந்த ஸ்பரிச உணர்வுதான் இவ்வாட்டத்தின் ஜீவன்.

ஆனால் அணியில் சறுக்கி ஆடும் ஐந்து பேரில் ஒருவனைத்தான் நாம் இயக்குகிறோம். ஏனையோர் இயந்திர புத்திக்குக் கட்டுப்பட்டவர்கள். பிரயாசைப்பட்டு முன்னேறிய வேளையில் தோழன் திசை மாறிச் சறுக்கிப்போகும்போது உண்டாகும் விசனம் பெரிது.

“கோல்காரனும் நம்ம பேச்சக் கேக்க மாட்டான், மாமா” என்றான் மருமகன், விரல் குமிழை விடாமல். குறைகள் இருந்தாலும், நம் புல்தரை ஹொக்கிக்கு இத்தனை பொருட்செலவில் ஒருவரும் ஆட்டம் இயற்றவில்லையே என்பது என் தீராத ஆதங்கம்.