ஆவணியில் கிழிக்கும் ஏழு தாள்

சுவரில் தினசரி காலண்டர் தொங்காத வீடு உண்டா?

சேலம், நாமக்கல் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மளிகைக் கடையில் கொடுத்தது, ஜவுளிக் கடையில் கொடுத்தது என்று ஏதாவது ஒன்று ஆணியில் தொங்கும். மேலே முருகன் படமோ, லட்சுமி படமோ இருக்கும். கீழே நாள் தாள். விடிந்ததும் ஒன்றைக் கிழிப்பார்கள். யார் கிழிப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டைகூட வரும்!

அந்தச் சின்னத் தாளில் எத்தனை சங்கதி! நட்சத்திரம், திதி, ராகு காலம், எமகண்டம். ஓர் ஓரத்தில் பெரியோர் வாக்கு. சில தாள்களில், "இன்று இன்னார் பிறந்த நாள்" என்று ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு இது நல்ல பாடப் புத்தகம். எழுத்து பெரியது. வாக்கியம் சிறியது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். அவசரம் இல்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. சிவகாசியில் அச்சாகும் காலண்டர் எல்லா ஊருக்கும் பொது. நம் ஊர்ச் சங்கதி எல்லாம் அதில் இடம் பெறுவதில்லை.

ஆகஸ்டு 21 முதல் 27 வரை உள்ள ஏழு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி பிறந்து சில நாட்களே ஆகியிருக்கும். அந்த ஏழு நாளில் மூன்று நாட்கள் சேலம் சீமைக்கே சொந்தமானவை. ஒன்று தண்ணீர் நாள். ஒன்று கவிஞர் நாள். ஒன்று அரசியல் நாள். (நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டம். அதற்கு முன்பு அதுவும் சேலம் மாவட்டம்தான்.)

அணை திறந்த நாள்

1934-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டது.

1925-ல் தொடங்கிய வேலை. முடிய 9 ஆண்டு ஆயிற்று. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ஸ்டான்லி. அவர் பெயரையே நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் பாடப் புத்தகத்தோடு சரி. ஜனங்களுக்கு அது மேட்டூர் டேம்!

அணையில் 120 அடி வரை தண்ணீர் நிறுத்தலாம். அப்போது உள்ளே இருப்பது 93 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

இவ்வளவு தண்ணீர் நிற்க இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் ஊர்கள் இருந்தன. வீடு, கோவில், மாதா கோவில், வயல் எல்லாம் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். கோடையில் நீர்மட்டம் மிகவும் இறங்கினால், பண்ணவாடி பக்கம் பழைய ஜலகண்டேசுவரர் கோவில் நந்தி தலை காட்டும். மாதா கோவில் கோபுரமும் தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். நந்தி தெரிகிறது என்றால் அணையில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தஞ்சாவூர்க்காரருக்கு அது வயிற்றெரிச்சல்!

அணை இருப்பது சேலம் மாவட்டத்தில். ஆனால் அதன் தண்ணீரில் பெரும்பகுதி போவது தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம். அணையை ஒட்டிய மேட்டு நிலங்கள் வெகுகாலம் வானத்தையே பார்த்துக் கிடந்தன. பிறகு கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் வந்தன. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்கு அவை பாசனம் தருகின்றன. டெல்டா நிலத்தோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான். இல்லாததற்கு இது மேல்.

மற்ற இடங்களில் மானாவாரிதான். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நிலக்கடலை போட்டவர், ஆவணியில் அண்ணாந்து பார்க்கிறார். பகல் எல்லாம் வெயில் காயும். சாயங்காலம் மேகம் திரளும். இடி இடிக்கும். பக்கத்து ஊரில் கொட்டித் தீர்க்கும். நம் காட்டில் நாலு தூறலோடு போய்விடும்! அதே நேரத்தில் காவிரியில், எங்கோ குடகு மலையில் பெய்த மழை செந்நீராக ஓடும். இங்கே பெய்யாத மழை இந்த வழியாகவே போகிறது.

மோகனூர் பிள்ளை

அந்தத் தண்ணீர் ஜேடர்பாளையம் வருகிறது. அங்கே ராஜவாய்க்கால் பிரிகிறது. பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்கும் வாழைக்கும் அதுதான் உயிர். ஆறு அப்புறம் மோகனூரைத் தொடுகிறது.

மோகனூரில் 1888-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி பிறந்தவர்தான் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. அவர் மறைந்தது 1972 ஆகஸ்டு 24-ந் தேதி.

தகப்பனார் வெங்கடராம பிள்ளை போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர். மகனோ 1932-ல் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு, ஓர் ஆண்டு ஜெயிலில் இருந்தார்!

கவிஞர் முதலில் கையில் எடுத்தது தூரிகை. ஆட்களைப் பார்த்து அப்படியே வரைவார். அதுவே அவருக்குப் பிழைப்பாகவும் இருந்தது. பாட்டு அவரை நாடறியச் செய்தது 1930-ல். அந்த ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்தார்கள். உப்பு அள்ளப் போன படை. கையில் ஆயுதம் கிடையாது. வழிநடைக்குப் பாட்டு வேண்டுமே! கவிஞர் எழுதிக் கொடுத்தார். ஆயுதம் இல்லாத யுத்தத்தைப் பற்றிய பாட்டு. கால் கொப்பளித்தவர்களையும் அது நடக்க வைத்தது.

நடத்திச் சென்ற ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானவர். பாட்டுக்காரர் நாமக்கல். வேதாரண்யம் உப்பில் நம் ஊர் ருசியும் கலந்திருக்கிறது.

1949-ல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞர் ஆக்கிற்று. 1971-ல் பத்மபூஷண் பட்டம் வந்தது.

பெயர் மாறிய நாள்

27-ந் தேதித் தாள் அரசியல்.

1944 ஆகஸ்டு 27. சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு. பெரியார் தலைவர். கட்சிக்குத் "திராவிடர் கழகம்" என்று புதுப் பெயர் வைத்தார்கள். அண்ணாதுரை பெயரால் ஒரு தீர்மானமும் வந்தது. "சர்", "ராவ்பகதூர்" போன்ற வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைக் கட்சிக்காரர்கள் விட்டுவிட வேண்டும். சர்க்கார் நியமனத்தில் கிடைத்த பதவிகளையும் விட வேண்டும் என்றது அது.

கையில் இருக்கும் பட்டத்தை விடுவது லேசான காரியமா? சிலர் விலகிக்கொண்டார்கள். பி.டி. ராஜன் போன்றவர்கள் பழைய பெயரிலேயே கட்சி நடத்தினார்கள்.

காந்தி பக்தரான கவிஞர் ஒரு கரை. சேலம் மாநாட்டுக்காரர்கள் எதிர்க் கரை. ஆனாலும் சினிமா இருவரையும் ஒரே ஓடத்தில் ஏற்றியது! கவிஞர் எழுதிய "மலைக்கள்ளன்" நாவல் 1954-ல் படமாக வந்தது. கதாநாயகன் எம்.ஜி.ஆர். வசனம் மு. கருணாநிதி. பட்சிராஜா ஸ்டூடியோ தயாரிப்பு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்குக் கிடைத்தது. காங்கிரஸ் கவிஞர் கதைக்குக் கழகத்துக்காரர் வசனம்! கதை நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். யாரும் கொடியைப் பார்க்கவில்லை. கோட்டையில் உள்ள பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டிடத்துக்கு இன்று "நாமக்கல் கவிஞர் மாளிகை" என்றுதான் பெயர்.

நாமக்கல்லில் கவிஞர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அங்கே நூலகம் உண்டு. மலைக்கோட்டை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

காலண்டர் தாளில் ஓரம் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கிறது. 21, 24, 27 ஆகிய மூன்று தாளிலும் பிள்ளைகளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "மேட்டூர்", "கவிஞர்", "சேலம்" என்று எழுதினால் போதும். கிழிக்கிற அன்று, "இது என்ன பாட்டி?" என்று யாராவது கேட்பார்கள்.