செயற்கை மூட்டும் சிறு புண்ணும்

முடக்குவாதத்தால் வாசற்படி தாண்டவும் இயலாதிருந்த என் தமக்கையார், இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டபின் திருவண்ணாமலைத் தேரடிவரை நடந்தார். இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி 1962-ஆம் ஆண்டில் செம்மைப்படுத்திய சிகிச்சையின் பயன் அது.

ஆயினும் மூட்டை மாற்றலாமேயன்றி நோயை மாற்ற இயலாது. அந்நோயும், அதற்குரிய ஸ்டீராய்டு மருந்தும் எலும்பை மெலிவிப்பதால் முறிவு நேரலாம். நோயை அடக்கும் மருந்துகள் சில, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கின்றன. அதற்காக அவற்றை நாமே நிறுத்துதலும் தகாது. காலில் தோன்றும் சிறு புண்ணின் கிருமி குருதிவழிச் சென்று செயற்கை மூட்டில் குடிகொள்ளலாம். முற்றினால் அம்மூட்டையே அகற்ற நேரும்.

தமக்கையார் தம் காற்புண்ணை ஒரு வாரம் மறைத்தார். தற்செயலாகக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன், மூட்டு தப்பியது. அத்தகைய முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், நாள்தோறும் அவர்தம் பாதங்களைப் பாருங்கள்.