ஈழத்தில் ஒராபி பாஷா: நாடிழந்த தலைவரின் பிற்கால வாழ்வு

தோல்வியுற்ற தலைவர்களை அவர்தம் மக்களிடமிருந்து பிரித்துக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிடுதல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியர் கையாண்ட அரசியல் முறைகளுள் ஒன்றாகும். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1816ஆம் ஆண்டில் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது தம்புள்ளையில் முடிசூட்டப்பெற்ற கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். இந்நாட்டவரைப் பிற நாடுகளுக்கு அனுப்பிய அதே ஆட்சி, பிற நாட்டவரை இந்நாட்டுக்கு அனுப்பவும் தவறவில்லை. அவ்வாறு வந்தோருள் எகிப்தியத் தலைவர் அகமது ஒராபி பாஷா குறிப்பிடத்தக்கவர்.

ஒராபி 1841ஆம் ஆண்டில் நைல் நதிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர். படையிற் சேர்ந்து உயர்ந்த அவர், எகிப்தியருக்கு உயர் பதவிகள் மறுக்கப்பட்டமையையும், நாட்டின் நிதியாட்சி ஐரோப்பியக் கடனாளர் கைப்பட்டமையையும் எதிர்த்தெழுந்தார். 1882 பெப்ரவரியில் மகமூத் சாமி அல்பாறூதி தலைமையமைச்சராக, ஒராபி போரமைச்சரானார். அவ்வாண்டு யூலை 11ஆம் நாள் ஆங்கிலக் கப்பற்படை அலெக்சாந்திரியா நகரைத் தாக்கியது. ‘கெதீவ்’ என்னும் பட்டம் பூண்ட அரசர் தௌபீக் ஆங்கிலேயரின் பாதுகாப்பை நாடவே, உள்நாட்டின் உண்மை அதிகாரம் ஒராபியின் கைக்கு வந்தது. அவர் முடிபுனைந்தவரல்லர், எனினும் அந்த இரு திங்களும் எகிப்தின் தலைவர் அவரே எனலாம். செப்டெம்பர் 13ஆம் நாள் விடியற்பொழுதில் தெல் எல் கபீர் என்னுமிடத்தில் அவர் படை முறியடிக்கப்பட்டது. அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது.

1883 சனவரியில் அவரும், அல்பாறூதி முதலாய தோழர் அறுவரும் கொழும்பில் வந்திறங்கினர். அவர்கள் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. உதவிப்பணம் பெற்று, தீவினுள்ளே குடும்பத்தோடு வாழ இடமளிக்கப்பட்டனர். ஆயினும் தாயகம் திரும்பும் உரிமை இருக்கவில்லை. எழுவருள் மூவர் இம்மண்ணிலேயே இறந்தனர். நவீன அரபுக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவரான அல்பாறூதி, தம் பிரிவாற்றாமையை இங்கிருந்தே பாட்டிற் பொறித்தார். ஒராபி 1892இல் மாத்தளைக்கு அண்மையிலுள்ள கண்டி நகருக்குக் குடிபெயர்ந்தார்.

வாளிழந்த ஒராபி, இங்கே கல்வித் தொண்டிற்குத் துணைநின்றார். அக்காலத்து ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிசனரிமார் வசமிருந்தது. சமயத்தை இழவாது புதிய கல்வியைப் பெறுவது எங்ஙனம் என்பதே அன்றைய வினா. இவ்வினாவை எதிர்கொண்டே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இலங்கை முஸ்லிம்களுக்காக அதே வினாவை எழுப்பியவர் கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெப்பை ஆவார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கிய அவர், ஆங்கிலக் கல்வியை வற்புறுத்தியபோது, அதனை ஐயுற்றோர் பலர். ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய தலைவரே அக்கல்வியை ஆதரித்தபோது, அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் முயற்சியாலும் ஒராபியின் ஊக்கத்தாலும் 1892இல் கொழும்பு மருதானையிலே சாஹிராக் கல்லூரி தோன்றியது. பின்னர் ரி. பி. ஜாயா அதிபராயிருந்த காலத்தில் (1921–1948) அதன் கிளைகள் கம்பளை, மாத்தளை முதலிய ஊர்களிலும் எழுந்தன. மாத்தளை மாணவர் நாள்தோறும் காணும் ஒரு கல்விக்கூடத்தின் வரலாறு, இவ்வாறு நைல் நதிக்கரை வரை செல்கின்றது.

தமிழிலக்கியத்திலும் எகிப்தின் சாயல் படிந்தது. சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’, ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதாகப் பலராலும் கொள்ளப்படுவது. அதன் கதைத்தலைவன் எகிப்தியனே.

1901ஆம் ஆண்டில் மன்னிப்புப் பெற்று ஒராபி தாயகம் மீண்டார். எனினும் பதினெட்டாண்டுப் பிரிவின் பின் அவரை வரவேற்றது பெருமையன்று. ஆங்கிலேயர் நாட்டிற் புகுந்தமைக்கு அவரே காரணர் எனப் பழித்தனர் சிலர். புகழ்பெற்ற கவிஞர் அகமது சௌக்கியும் அவரை எள்ளிப் பாடினார். அரசியலில் மீண்டும் இடம்பெறாமலே 1911 செப்டெம்பரில் அவர் காலமானார். 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னரே எகிப்து அவரைத் தேசிய வீரராகப் போற்றத் தொடங்கியது. அவர் வந்த நூற்றாண்டு நிறைவில், 1983இல், கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவு நிலையமாக்கப்பட்டது.

தாயகம் அவரை அரைநூற்றாண்டு மறந்திருந்தபோதும், புகலிடத்தில் அவர் துணைநின்ற கல்விப்பணி தடைப்படவில்லை. ஒராபியின் ஆட்சி இரு திங்களில் முடிந்தது. சாஹிராவோ நூற்றாண்டு கடந்தும் மாணவரை உருவாக்கி வருகின்றது. தலைவர் ஒருவரின் வாழ்வை அளவிடுவோர், அவர் வென்ற போர்களோடும் இழந்த போர்களோடும் நின்றுவிடாது, தோல்வியின் பின் அவர் ஆற்றிய பணியையும் நோக்குதல் வேண்டும்.