வீட்டுக்குள் ஓர் ஏறுசுவர்

பாறையேறுபவர்கள் வீட்டில் அமைத்துக்கொள்ளும் பயிற்சிச் சுவர், துளையிட்ட பிளைவுட் பலகையும் அதில் போல்ட் போட்டு மாட்டிய செயற்கைப் பிடிகளும் சேர்ந்தது. இது பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர் உயரமே இருக்கும். கயிறு கிடையாது. கை நழுவினால் கீழே விரித்திருக்கும் மெத்தையில் விழ வேண்டியதுதான். இவ்வகை ஏற்றத்துக்கு 'போல்டரிங்' என்று பெயர். மலையில் கிடைக்கும் அனுபவத்தை இந்தச் சுவர் தராது. விரல், முன்கை, தோள், வயிறு ஆகியவற்றின் வலுவைப் படிப்படியாகக் கூட்டுவதற்கான கருவி இது. ஆகவே இதைத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது விழும் இடம், அடுத்தது சாய்வு, அதன்பின் சட்டம். கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படும் வண்ண வண்ணப் பிடிகள் கடைசியில்தான் வரும்.

நிலவறையில் வளர்ந்த பழக்கம்

செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் வழக்கம் பரவியதில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. அங்கே உடற்கல்வி ஆசிரியராக இருந்த டான் ராபின்சன், 1964இல் ஒரு நடைவழியின் செங்கல் சுவரில் கற்துண்டுகளைப் பதித்து மாணவர்களை ஏறவைத்தார். மழையும் குளிரும் மிகுந்த வட இங்கிலாந்தில் ஆண்டில் பல மாதங்கள் பாறை ஈரமாகவே கிடக்கும். அந்த மாதங்களிலும் உடல் பயிற்சியை இழக்கக் கூடாது என்பதே நோக்கம்.

1980களில் பயிற்சி இன்னும் தீவிரமானது. ஜெர்மானிய வீரர் வோல்ஃப்காங் குல்லிஷ், 1988இல் நியூரம்பெர்க்கில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சாய்ந்த பலகையொன்றை நிறுத்தி, அதில் மரப்பட்டைகளை ஏணிப்படி போலக் குறுக்கே அடித்தார். காலை எங்கும் ஊன்றாமல், கைகளால் மட்டும் பட்டைக்குப் பட்டை தாவுவது பயிற்சி. கூடத்தின் பெயரான 'கேம்பஸ்' என்பதே பலகைக்கும் பெயராக நிலைத்தது. 1991இல், அந்நாளில் உலகின் மிகக் கடினமான பாதைகளில் ஒன்றாக இருந்த 'ஆக்‌ஷன் டிரெக்ட்'டை அவர் ஏறி முடித்ததில் அந்தப் பலகைக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்திலோ வீட்டு நிலவறைகளிலேயே பிளைவுட் சுவர்கள் முளைத்தன. அந்த வட்டாரத்தில் பயிற்சி செய்தவர்களில் ஒருவர் பென் மூன். 1990இல் ரேவன் டோர் பாறையில் 'ஹப்பிள்' என்ற பாதையை ஏறியவர். அவர் 2005இல் 'மூன்போர்டு' என்ற பலகையை வெளியிட்டார். 40 டிகிரி சாய்வு, 2.44 மீட்டர் அகலம், 3.15 மீட்டர் உயரம், 20 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, குறுக்கே 11, நெடுக்கே 18 என 198 இடங்கள். எந்தப் பிடி எந்தத் துளையில் எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. இதனால் ஷெஃபீல்டில் ஒருவர் அமைக்கும் பாதையை ஒசாகாவில் இருப்பவர் தம் வீட்டிலேயே அப்படியே ஏறிப் பார்க்கலாம். பிற்பாடு ஒவ்வொரு பிடிக்கும் கீழே சிறு எல்.இ.டி. விளக்கு வந்தது. கைபேசிச் செயலியில் பாதையைத் தேர்ந்தால் தொடக்கப் பிடிக்குப் பச்சை, இடைப்பிடிக்கு நீலம், முடிவுப் பிடிக்குச் சிவப்பு எரியும். இன்றைய வீட்டுச் சுவர்களின் அளவுகள் பலவும் இந்தப் பலகையை ஒட்டியே அமைகின்றன.

இடமும் சாய்வும்

செங்குத்தான சுவரில் உடல் எடையின் பெரும்பகுதியைக் கால்கள் தாங்கிக்கொள்ளும். சுவர் ஏறுபவரை நோக்கிச் சாயச் சாய, எடை கைக்கு மாறும். 10 முதல் 15 டிகிரி சாய்வு புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்றது. 20 முதல் 30 டிகிரி எல்லோருக்கும் பொதுவானது. 40 முதல் 45 டிகிரி, ஓரளவு தேர்ந்தவர்களின் வலுப் பயிற்சிக்கானது. இடம் குறைவாக இருக்கும்போது அதிகச் சாய்வே லாபம். ஏற்றம் குட்டையாக இருந்தாலும் உடல் சீக்கிரமே களைத்துவிடும்.

சாய்வைத் தீர்மானிக்கும் முன் கூரையை அளக்க வேண்டும். எட்டடி பிளைவுட் பலகையின் நீளம் 2.44 மீட்டர். அதை 30 டிகிரி சாய்த்தால் உயரம் 2.11 மீட்டராகக் குறையும், மேல் விளிம்பு 1.22 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 40 டிகிரியில் உயரம் 1.87, நீட்டல் 1.57. 45 டிகிரியில் இரண்டுமே 1.73. இவற்றுடன் அடிப்பலகையையும் சேர்க்க வேண்டும். சாய்ந்த பலகை தரையிலிருந்தே தொடங்கினால் முதல் பிடியில் கால் வைக்க இடமிருக்காது. மெத்தையும் அந்தப் பகுதியை மறைத்துவிடும். அதனால் கீழே 30 சென்டிமீட்டருக்குக் குறையாத செங்குத்துப் பலகை ஒன்று வைப்பார்கள். தடித்த மெத்தை போடுவதென்றால் அதன் தடிமனையும் இதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பத்தடி உயரக் கூரை என்பது 3.05 மீட்டர். முழு அளவு மூன்போர்டு அந்த அறையில் 10 சென்டிமீட்டரில் தட்டிப்போகும். இத்தகைய வீடுகளுக்காகவே 12 வரிசை மட்டும் கொண்ட சிறிய வடிவமும் விற்கிறது. கூரையைத் தொட்டுக்கொண்டு சுவரை முடிப்பதும் நல்லதல்ல. கடைசிப் பிடியை எட்டும்போது தலை இடிக்காமலிருக்க மேலே இடைவெளி வேண்டும். மின்விசிறி, குழல் விளக்கு, சன்னல் கண்ணாடி ஆகியவை கை வீசும் எல்லைக்கு அப்பால் இருக்க வேண்டும். சுவரின் மேல் விளிம்புக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து பின்பக்கம் குறைந்தது 2 மீட்டராவது தடையின்றி விடுவது பாதுகாப்பு.

சட்டம்

நேர்ச்சுவரின் எடை தரையை அழுத்தும். சாய்சுவரோ கீழ்நோக்கி மடங்கப் பார்க்கும். அதன் மேல்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எந்நேரமும் பிடுங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். அதில் 70 கிலோ எடையுள்ளவர் தாவிப் பிடித்துத் தொங்கினால், அந்த நொடியில் சுவர் தாங்கும் விசை அவர் எடையை விட அதிகம். ஆகவே மேல் இணைப்பை வெறும் செங்கல் சுவரிலோ பூச்சிலோ நம்பி விடக் கூடாது. கான்கிரீட் உத்தரம் அல்லது தூணில் ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும். அப்படி வசதி இல்லாத வீட்டிலும் வாடகை வீட்டிலும் தரையிலேயே நிற்கும் தனிச் சட்டம் நல்லது. இரு பக்கமும் தூண், மேலே குறுக்கு உத்தரம், மெத்தைக்கு அடியில் நீளும் அடிச்சட்டம் என்று கூண்டு போல அமைத்தால் எடை முழுவதும் தரைக்கே போய்விடும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டத்துக்குப் பைன் மரமே வழக்கம். 2 அங்குலத்துக்கு 6 அங்குலச் சட்டங்களை 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துவார்கள். நம் ஊரில் கரையானையும் மரத்தின் விலையையும் நினைத்தால் இரும்புச் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்வது எளிது. மரமோ இரும்போ, எந்த அளவுக் குழாய், எங்கே குறுக்குத் தாங்கி என்பதை ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. மாடி வீடென்றால் இது கட்டாயம்.

பலகையும் டி-நட்டும்

பலகைக்குக் குறைந்தபட்சத் தடிமன் 18 மில்லிமீட்டர். துகள்பலகையும் எம்.டி.எஃப்.பும் திருகைப் பிடித்து நிற்காது. ஐ.எஸ். 303 தரத்தில் நீர் தாங்கும் வகை பிளைவுட் அறைக்குள் போதும். மொட்டைமாடிக் கொட்டகை போல ஈரம் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வேண்டும்.

சுவரின் உயிர் டி-நட்டில் இருக்கிறது. உள்ளே மரையுள்ள குட்டைக் குழல், ஒரு முனையில் வட்டத் தட்டு, தட்டில் முட்கள். பலகையின் பின்பக்கத்திலிருந்து துளைக்குள் இதை அடித்து இறக்குவார்கள். முன்பக்கம் பிடியை வைத்து 10 மில்லிமீட்டர் போல்ட்டை ஆலன் கீயால் முறுக்கும்போது, தட்டு பின்பக்க மரத்தை முன்னோக்கி இழுத்து இறுக்கும். இழுவிசை முழுவதையும் தாங்குவது தட்டுதான். முட்களின் வேலை நட்டு சுழலாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. எனவே முன்பக்கமிருந்து போல்ட்டைச் சுத்தியலால் தட்டினால் நட்டு பின்னால் கழன்று விழுந்துவிடும். போல்ட்டைக் கோணலாக ஏற்றினாலும் மரை கெட்டு நட்டு வெறுமனே சுற்றத் தொடங்கும். முதல் சில சுற்றுகளைக் கையால் திருகிப் பார்த்துவிட்டுப் பிறகு கருவியைத் தொடுவது இதனால்தான்.

பலகைகளைச் சட்டத்தில் ஏற்றும் முன்பே துளையிட்டு நட்டுகளை அடித்துவிட வேண்டும். 20 சென்டிமீட்டர் கட்டம் வரைந்தால் ஒரு 8 x 4 பலகையில் சுமார் 72 துளைகள் விழும். சட்டம் எந்தத் துளையையும் மறைக்காதபடி, அது இரு துளை வரிசைகளுக்கு நடுவே வருமாறு முன்கூட்டியே கணக்கிட வேண்டும். துளை செங்குத்தாக இருக்க வேண்டும். சுவரின் பின்பக்கம் ஆள் கை நுழைய வழி விடுவது பின்னாளில் பெரிய உதவி. கெட்டுப்போன நட்டை மாற்ற வேறு வழி கிடையாது.

பிடிகள்

பிடிகளைப் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பிசினில் வார்க்கிறார்கள். பாலியூரித்தேன் இலேசானது, எளிதில் உடையாது. மரப் பிடிகளும் உண்டு. அவை வழுவழுப்பானவை, தோலை உரிக்காதவை. அதனால் நீண்டநேரப் பயிற்சிக்கு அவற்றை விரும்புகிறார்கள். நான்கு விரலும் உள்ளே மடங்கும் ஆழமான பிடி 'ஜக்'. விரல்நுனி மட்டும் நிற்கும் விளிம்பு 'கிரிம்ப்'. உள்ளங்கையின் உராய்வை நம்பிப் பிடிக்கும் உருண்டை 'ஸ்லோப்பர்'. கட்டைவிரலும் மற்ற விரல்களும் எதிரெதிரே நெருக்குவது 'பிஞ்ச்'. ஒன்றிரண்டு விரல் நுழையும் குழி 'பாக்கெட்'. தொடக்கத்தில் ஒரு பலகைக்கு 15 முதல் 20 பிடிகள் போதும். அதிகச் சாய்வுள்ள சுவருக்கு ஜக்குகளைக் கூடுதலாக வாங்குவது புத்திசாலித்தனம். அவை இல்லாவிட்டால் புதியவர் ஒருவரும் சுவரில் ஒட்டமாட்டார்.

ஒரே போல்ட்டில் நிற்கும் பெரிய பிடி, ஓரத்தில் எடை விழும்போது திடீரெனச் சுழலக்கூடும். பல பிடிகளில் இதற்காகவே சிறு துளை ஒன்று கூடுதலாக இருக்கும். அதில் ஒரு மரத்திருகை இறக்கிவிட்டால் பிடி அசையாது. கால் வைக்கும் சிறு பிடிகளை டி-நட் இல்லாமல் நேரே திருகியே மாட்டலாம்.

மெத்தை

போல்டரிங்கில் ஒவ்வொரு முயற்சியும் தரையில்தான் முடிகிறது. அதனால் மெத்தை இல்லாமல் சுவரைப் பயன்படுத்தவே கூடாது. நல்ல மெத்தையில் இரண்டு அடுக்கு இருக்கும். மேலே கெட்டியான மூடுகண் நுரை, கீழே மென்மையான திறந்தகண் நுரை. மேலடுக்கு காலின் அழுத்தத்தைப் பரவலாக்க, கீழடுக்கு வேகத்தை விழுங்கும். வெறும் படுக்கை மெத்தையில் பாதம் புதைந்து கணுக்கால் மடங்கிவிடும். அதைவிட ஆபத்து, இரண்டு மெத்தைகளுக்கு இடையிலான பிளவு. எல்லாவற்றையும் நெருக்கி வைத்து மேலே ஒரே தார்ப்பாய் அல்லது கம்பளத்தால் மூடிவிடுவதே வழி. ஐரோப்பாவில் போல்டரிங் சுவர்களுக்கும் பிடிகளுக்கும் இ.என். 12572 என்ற தரவரையறை உண்டு. வீட்டுச் சுவரை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் அளவுகளுக்கு அதையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

பயிற்சியும் காயமும்

பக்கத்துணைக் கருவிகள் சிலவே போதும். கதவு நிலைக்கு மேல் மாட்டும் விரல் பலகை ஒன்று, பிடியில் ஒட்டும் அழுக்கைத் தேய்க்க மென்முடித் தூரிகை, கை வியர்வைக்கு மெக்னீசியம் கார்பனேட் தூள். கரும்பலகைச் சாக்கட்டி இதற்கு உதவாது, அது வேறு பொருள். ஜிம்னாஸ்டிக்ஸில் வழங்கிய இந்தத் தூளை 1950களில் போல்டரிங்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் கில். மூடிய அறையில் தூள் பறப்பதால் காற்றோட்டம் தேவை.

தசை சில வாரங்களில் வலுக்கொள்ளும், தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் காயம் நேர்கிறது. விரல் எலும்போடு நாணை அணைத்து வைத்திருக்கும் வளையங்கள், குறிப்பாக மோதிர விரலிலும் நடுவிரலிலும், கிரிம்ப் பிடிக்கும்போது கிழிவதுண்டு. சுவர் வீட்டிலேயே இருப்பதால் தினமும் ஏறும் ஆசை வரும். கடினமான நாளுக்குப் பின் ஒரு நாளாவது விரல்களுக்கு ஓய்வு தர வேண்டும். தொடங்குமுன் எளிய ஜக்குகளில் கால்மணி நேரம் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். கடின முயற்சிகளுக்கு நடுவே சில நிமிடம் உட்கார வேண்டும். வளரும் வயதுச் சிறுவர்களின் விரல் எலும்பில் வளர்தகடு மூடியிருக்காது. அதில் முறிவு ஏற்படக்கூடும் என்பதால் கேம்பஸ் பலகை அவர்களுக்கு ஆகாது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை எல்லா போல்ட்டுகளையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். ஈரப்பதம் மாறும்போது மரம் ஊதிச் சுருங்குவதால் அவை தாமாகவே தளரும். கடலோர ஊர்களில் நட்டும் போல்ட்டும் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குவது மேல். வழுக்கத் தொடங்கிய பிசின் பிடிகளைக் கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் பழைய சொரசொரப்பு திரும்பும். கீறல் விட்ட பிடியை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும். காலால் அழுத்தினால் தரை தட்டுப்படும் அளவுக்கு நுரை நைந்துவிட்டால் மெத்தையை மாற்றிய பிறகே மறுபடி ஏற வேண்டும்.