ஊதியத்தை வெளிப்படக் கூறுதல்

பிறர் பெறும் ஊதியத்தை வினவுதல் நாகரிகமன்று என்பது நம்மவருட் பலர் கொண்ட கொள்கை. பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளியின் விலையைக் கேட்டறியாமல் வாங்குவாரும் இலர், விற்பாரும் இலர். ஆயின் நமது உழைப்பை மட்டும் அதன் விலையறியாமலே விற்கத் துணிகின்றோம். ஊதியத்தை வெளிப்படுத்துமாறு முதலாளிகளைப் பணிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. அவற்றால் விளைந்தன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் தருமபுரி மாவட்டத்து இளைஞர் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அரசாங்கத் தேர்வாணையத்தின் அறிவிப்பில் சம்பள விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். தனியார் விளம்பரங்களிலோ 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்னும் தொடரே பெரிதும் காணப்படும். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?" என்று நேர்காணலில் வினவுங்கால், குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெற்றவர் யாரைக் கேட்டு விடையிறுப்பார்? அத்தொழிலில் உறவினரை உடையவர் அளவறிந்து கேட்பர். மற்றையோர் அஞ்சிக் குறைத்துக் கேட்பர். பின்னர் வரும் உயர்வும் முதற் சம்பளத்தின் மீதே நூற்றுக்கு இத்தனையெனக் கணக்கிடப்படின், அன்று தோன்றிய வேற்றுமை ஆண்டுதோறும் வளரும்.

நம் நாட்டுச் சட்டம் இது குறித்து முற்றும் வாளாவிருக்கவில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், அரசு அலுவலர் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தை வெளியிடுமாறு பணிக்கின்றது. 2019-இல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, தொழிலாளரின் வகைவாரியான ஊதிய விகிதங்களை அறிவிப்புப் பலகையில் யாவரும் காண வைத்தல் வேண்டும் என்கின்றது. ஆனால் அப்பலகை வாயிலுக்கு உட்புறத்தே இருப்பது. வேலை நாடி வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதன்று.

பிற நாடுகளின் அனுபவம் இருவகைப்பட்டது. டென்மார்க்கு நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், ஆடவர்க்கும் மகளிர்க்கும் அளிக்கும் ஊதியத்தைப் பிரித்துக் காட்டுமாறு பெரிய நிறுவனங்களைப் பணித்தது. இருபாலார் ஊதியத்துக்கும் இடையிலிருந்த வேற்றுமை குறைந்தது உண்மையே. ஆயினும் மகளிர் ஊதியம் மிக்கதனால் அன்று, ஆடவர் ஊதியத்தின் வளர்ச்சி தளர்ந்ததனாலேயே அது பெரும்பாலும் குறைந்தது. கலிபோர்னியாவில் 2010-இல் நகராட்சிச் சம்பளங்கள் வெளியிடப்பட்டபின், நகர மேலாளர்களின் ஊதியம் குறைந்தது. பணியை விட்டு நீங்கினோரும் மிகுந்தனர்.

இதன் காரணம் அறிதற்கு அரியதன்று. ஒருவருக்கு உயர்த்தினால் அனைவர்க்கும் உயர்த்த நேருமென்று அறிந்த முதலாளி, எவர்க்கும் உயர்த்தத் தயங்குவார். உள்ளிருப்போர்க்கு மட்டும் ஊதியத்தை வெளிப்படுத்துவது மேட்டைத் தாழ்த்துமேயன்றிப் பள்ளத்தை நிரப்புதல் உறுதியன்று.

வேலை விளம்பரத்திலேயே ஊதிய வரம்பைக் கூறச் செய்யும் சட்டத்தின் பயன் வேறு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் அத்தகைய சட்டம் நடைபெறுகின்றது. அங்கு அறிவிக்கப்பெறும் ஊதியம் சற்றே உயர்ந்ததென ஆய்வாளர் கண்டனர். ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் வெளிப்படையாகப் போட்டியிட நேர்வதே இதன் காரணம் எனலாம். தொடக்கத்தில் சில நிறுவனங்கள், வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்குக் கொலராடோவில் வசிப்போர் விண்ணப்பிக்கலாகாது என விலக்கியதும் உண்டு. ஒரு மாநிலம் மட்டும் தனித்துச் சட்டமியற்றின், இத்தகைய ஒதுக்கத்திற்கு இடமுண்டு.

ஆகவே, பேரம் முடிந்தபின் கிடைக்கும் செய்தியினும், பேரத்திற்கு முன் கிடைக்கும் செய்தியே ஏழை மாணவர்க்கு உறுதுணையாகும் என்பது நம் துணிபு. தனியார் விளம்பரங்களுக்கு அத்தகைய சட்டம் நம் நாட்டில் வரும்வரை, பழைய மாணவர்கள் தத்தம் தொழிலில் புதியவர்க்கு அளிக்கப்படும் சம்பளம் இவ்வளவு என்று தம் பின்னோர்க்குக் கூச்சமின்றி உரைத்தல் வேண்டும். பொருளுதவியினும் இவ்வுதவி சிறியதன்று. இதனைச் செய்வார்க்குச் செலவும் யாதுமில்லை.